வாடகை வீட்டு வாசலில் ஒரு பைப்பு: தவுக்கே ‘போலே’ என்றால் போதுமா?

கோலாலம்பூர் செந்தூலில் இருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் தாமானும் (குடியிருப்புப் பகுதியும்) வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

ஆறு வருடமாக ஒரு மாடியில்லாத வரிசை வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். வாடகை 1,300 வெள்ளி (ரிங்கிட்). வீட்டுக்கு வரும்போது இரண்டு மாத வாடகையை டெப்பாசிட்டாகவும், தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் சேர்த்து 650 வெள்ளியும் கொடுத்திருக்கிறார். இரண்டு வருட அக்ரிமெண்ட் முடிந்து நான்கு வருடம் ஆகிவிட்டது. அதற்கப்புறம் யாரும் எதுவும் எழுதவில்லை, வாடகை மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கிறது.

வாசலில் மாமியார் கறிவேப்பிலை, துளசி, வெண்டை, மல்லிகை என்று வைத்திருக்கிறார். வெளியே பைப்பு இல்லாததால் நடுவில் இருக்கும் குளியலறையில் வாளியைப் பிடித்து, கூடத்தைக் கடந்து தூக்கிக்கொண்டு போக வேண்டும். போன மாதம் தளும்பிய தண்ணீரில் மாமியார் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறார். உடனே வாசகி தவுக்கேயிடம், அதாவது வீட்டுக்கார முதலாளியிடம், போனில் கேட்டார். அவர் ‘போலே, போலே (செய்யலாம், செய்யலாம்), பைப்புதானே’ என்று சொல்லிவிட்டார். ஆனால் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஏஜெண்ட், ‘சுவரில் ஓட்டை போட்டால் டெப்பாசிட் முழுக்கப் போய்விடும்’ என்கிறார். பைப்பு வேலைக்கு வந்தவர் 380 வெள்ளி கேட்டுவிட்டு, ‘மீட்டருக்கு முன்னால் எடுத்தால் பில்லே ஏறாது’ என்று ஒரு யோசனையும் சொல்லியிருக்கிறார். செலவை அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்பது கணவரின் கட்சி. வீட்டுக்கு மதிப்புக் கூடுவதால் தவுக்கேதான் பணம் தர வேண்டும் என்பது மாமனாரின் கட்சி. ‘யார் சொல்வது சரி?’ என்று கேட்கிறார் வாசகி.

அன்புள்ள சகோதரி,

முதலில் மாமியாரின் கை குணமாகட்டும். உங்கள் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொன்னால், நால்வர் சொன்னதிலும் முழுக்கச் சரியானது எதுவும் இல்லை. ஏஜெண்ட் சொன்னதில் கால்வாசி உண்மை இருக்கிறது. பைப்பு வேலைக்காரர் சொன்னதைக் கேட்டால் வழக்கு வரும், அதனால் அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

மீட்டருக்கு முன்னால் கை வைக்காதீர்கள்

தெருவில் இருந்து வரும் குழாயும் மீட்டரும் தண்ணீர் நிறுவனத்தின் பொறுப்பு. உங்கள் பகுதியில் அது ஆயர் சிலாங்கூர். மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் வரும் குழாய்தான் வீட்டுக்காரருடையது. மீட்டருக்கு முன்னால் இணைப்பு எடுப்பது 2006ஆம் ஆண்டு நீர்ச் சேவைத் தொழில் சட்டத்தின்படி குற்றம். கண்டுபிடித்தால் நிறுவனம் வந்து கேட்பது அந்த வீட்டில் குடியிருக்கும் உங்களைத்தான். ‘பைப்புக்காரர் சொன்னார்’ என்ற பதில் அங்கே எடுபடாது. அந்த யோசனையைச் சொன்னவரிடம் மற்ற வேலையையும் கொடுக்காதீர்கள் என்பது என் தனிப்பட்ட அபிப்பிராயம். ஸ்பான் எனப்படும் தேசிய நீர்ச் சேவை ஆணையத்தின் பெர்மிட் வைத்திருக்கும் பைப்பு வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். பெர்மிட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்பட ஒன்றும் இல்லை.

பில்லைப் பற்றிப் பயப்படும் அளவுக்கும் ஒன்றும் இல்லை. ஹோஸில் நிமிடத்துக்கு 15 லிட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் பத்து நிமிடம் பிடித்தால் 150 லிட்டர், மாதத்துக்கு 4,500 லிட்டர், அதாவது நாலரை கன மீட்டர். நீங்கள் அனுப்பிய பில்லில் மாதப் பயன்பாடு 18 கன மீட்டர் என்று இருக்கிறது. வீட்டுக் கட்டணம் முதல் 20 கன மீட்டருக்கு ஒரு விலை, அதற்குமேல் 35 வரை கூடுதல் விலை, அதையும் தாண்டினால் இன்னும் கூடுதல் என்று படிப்படியாக ஏறும். நீங்கள் முதல் படியை இரண்டரை கன மீட்டர் தாண்டுவீர்கள், அவ்வளவுதான். காரைக் கழுவ ஹோஸைத் திறந்துவிட்டுப் போன் பேசப் போனால் கணக்கு மாறும். வெண்டைக்கு அத்தனை தண்ணீர் தேவைப்படாது.

‘போலே’ என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு?

நீங்கள் அனுப்பிய அக்ரிமெண்டைப் படித்தேன். பலரும் படிக்காமலேயே கையெழுத்துப் போடும் இடம் ஒன்று அதில் இருக்கிறது. வீட்டுக்காரரின் முன் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வீட்டில் எந்த மாற்றமும் சேர்ப்பும் செய்யக்கூடாது என்றும், காலி செய்யும்போது இயல்பான தேய்மானம் போக வீட்டைப் பழைய நிலையில் ஒப்படைக்க வேண்டும் என்றும் அங்கே எழுதியிருக்கிறது. இந்த நாட்டு வாடகை அக்ரிமெண்டுகளில் பெரும்பாலும் இதே வாசகம்தான் வரும்.

வீட்டு வாடகைக்கென்று மலேசியாவில் தனிச் சட்டம் எதுவும் இல்லை. கொண்டுவரப் போவதாகப் பல வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் இப்படிப்பட்ட சின்னச் சின்ன விஷயங்களில், நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள்தான் கிட்டத்தட்ட உங்கள் சட்டம். அந்தத் தாள் ‘எழுத்து’ என்கிறது, உங்களிடம் இருப்பதோ போனில் கேட்ட குரல். வாய்ச்சொல்லுக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. தவுக்கே சம்மதித்தார் என்பதை நிரூபிக்க முடிந்தால் அது உங்களுக்கு உதவும். நிரூபிப்பதுதான் கஷ்டம். தவுக்கே நல்ல மனிதராகவே இருக்கலாம். நாளைக்கு வீட்டை அவருடைய மகன் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தால்? அவர் போனில் என்ன சொன்னார் என்பது மகனுக்கு எப்படித் தெரியும்?

இதற்கு வக்கீல் கடிதமோ சத்தியப் பிரமாணமோ தேவையில்லை, ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். கணினி வழி உருவான பதிவுகளைச் சான்றாக ஏற்க 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவில் வழி இருக்கிறது. தவுக்கேக்குப் புரியும்படி மலாயிலேயே எழுதுங்கள். சாரம் இப்படி இருக்கட்டும்: ‘போன வாரம் போனில் பேசியபடி, முன்வாசல் கேட் பக்கம் ஒரு பைப்பு போடுகிறோம். சுவரை உடைக்க மாட்டோம், குழாய் சுவருக்கு வெளியே கிளிப்பில் நிற்கும். செலவு எங்களுடையது. நாங்கள் காலி செய்யும்போது பைப்பு அப்படியே இருக்கும், கழற்றச் சொல்ல மாட்டீர்கள், இதற்காக டெப்பாசிட்டிலும் கழிக்க மாட்டீர்கள். சரிதானே?’ அதற்கு அவர் ‘ஓகே’ என்று ஒரு சொல் அனுப்பினால் போதும். வெறும் கட்டைவிரல் படத்தோடு நிறுத்திவிட்டால், ‘ஓகேவா தவுக்கே?’ என்று இன்னொரு முறை கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அந்தத் திரையைப் படம் பிடித்து அக்ரிமெண்டோடு சேர்த்து வையுங்கள், ஏனென்றால் போன் தொலையும்.

ஏஜெண்டுக்கும் அதே செய்தியை அனுப்பிவிடுங்கள். அவரிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை, தகவலாகச் சொன்னால் போதும்.

உங்கள் படத்தில் நான் பார்த்த ஒன்று

நீங்கள் எதற்காகவோ அனுப்பிய கேட் தூண் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மீட்டருக்கு உள்பக்கம், தரையில் இருந்து முழங்கால் உயரத்தில், அரையங்குல இரும்புக் குழாய் ஒன்று சுவரை விட்டு விரல் நீளம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் வாயில் ஒரு மூடி. மூடியைச் சுற்றித் துரு பொருக்குத் தட்டி, கீழே சுண்ணாம்பில் பழுப்புக் கோடு இறங்கியிருக்கிறது. அந்த இடத்தில் முன்பு ஒரு பைப்பு இருந்து, யாரோ கழற்றி மூடியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் பேச்சின் தொனியே மாறுகிறது. புதிதாக ஒன்றைச் சேர்க்கக் கேட்பதற்கும், இருந்த பைப்பைத் திரும்பப் போடக் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவதை யாரும் எளிதில் மறுக்க மாட்டார்கள், ஓட்டை போடும் பேச்சும் அதில் வராது. தவுக்கேக்கு அனுப்பும் செய்தியோடு அந்தப் படத்தையும் சேர்த்துவிடுங்கள்.

ஆனால் கணவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். நான் வக்கீல்தான், பைப்பு வேலை எனக்குத் தெரியாது. இருந்தாலும் சில கோப்புகள் அதையும் சொல்லிக்கொடுத்துவிடுகின்றன. என்னிடம் வந்த ஒருவர் இதே மாதிரி பழைய இரும்புக் குழாயின் மூடியை முறுக்கித் திறந்தார். மூடி கழன்றது, கூடவே சுவருக்குள் இருந்த மரையும் முறிந்தது. வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியவில்லை. மூன்று மாதம் கழித்துக் கூடத்துச் சுவரில் சாயம் உப்பிக்கொண்டு வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பைப்புக்கு ஆன செலவைவிடச் சுவருக்கு ஆனது பல மடங்கு. அனுமதி வாங்காத வேலை என்பதால் அவரால் வாய் திறக்க முடியவில்லை.

எனவே முதலில் பெர்மிட் உள்ளவரை வரவழைத்து அந்த முனையைப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே துரு தின்றிருந்தால் அதைத் தொடாமல், மீட்டருக்கு அப்புறம் நல்ல இடத்தில் புதிய இணைப்பு எடுத்துச் சுவருக்கு வெளியே கொண்டுபோகலாம். பைப்புக்கு முன்னால் தனியாக ஒரு வால்வு வைக்கச் சொல்லுங்கள். பைப்பு ஒழுகினால் வீடு முழுக்கத் தண்ணீரை அடைக்க வேண்டியிருக்காது. இன்னொன்று, ஹோஸ் மாட்டும் பைப்பில் தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் ஒருவழி வால்வையும் கேளுங்கள். நம் ஊரில் தண்ணீர் தடை எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியும். குழாயில் அழுத்தம் குறையும் நேரத்தில் ஹோஸின் முனை உரம் கரைத்த வாளிக்குள் முங்கிக் கிடந்தால், அந்த உரத்தண்ணீரைக் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடும். அதே குழாயில் இருந்துதான் சமையலறைக்கும் தண்ணீர் போகிறது.

வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுங்கள், ரசீது வாங்குங்கள்.

வாடகையில் கழிக்கலாமா?

உங்கள் கணவரிடம் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. தவுக்கே ஒத்துக்கொள்ளாமல் 380 வெள்ளியைக் கழித்து 920 வெள்ளி மட்டும் கட்டினால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் வாடகை பாக்கி வைத்தவர். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அக்ரிமெண்டை மீறியவர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். பாக்கி வாடகைக்காக நீதிமன்ற வாரண்ட் வாங்கி வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்ய 1951ஆம் ஆண்டு டிஸ்ட்ரெஸ் சட்டம் வீட்டுக்காரருக்கு வழி கொடுக்கிறது. 380 வெள்ளிக்காக யாரும் அதுவரை போக மாட்டார்கள்தான். ஆனால் ஆறு வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியவர் என்பதுதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய பலம். அதை ஒரு பைப்புக்காகக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கழிக்க ஆசை இருந்தால் அதே வாட்ஸ்அப்பில் ‘பாதிச் செலவை ஏற்றுக்கொள்வீர்களா?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் கழியுங்கள்.

மாமனார் சொல்வதைச் சட்டம் முற்றிலும் ஒதுக்கவில்லை. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆவது பிரிவு ஏறக்குறைய அதே மாதிரி ஒன்றைச் சொல்கிறது. ஒருவர் இன்னொருவருக்காக, இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல், சட்டப்படி ஒரு காரியம் செய்து, அதன் பலனை அந்த இன்னொருவர் அனுபவித்தால் ஈடு கொடுக்க வேண்டும். ‘இன்னொருவருக்காக’ என்ற இடத்தில்தான் நம் விஷயம் தடுக்கி விழுகிறது. நீங்கள் பைப்பு போடுவது மாமியாரின் கறிவேப்பிலைக்கு, தவுக்கேக்காக இல்லை. கூடவே, சுவரோடு நிலையாகப் பொருத்திய பொருள் பொதுவாக வீட்டோடு சேர்ந்ததாகிவிடும் என்பது நிலச் சட்டத்தின் பழைய விதி. எவ்வளவு உறுதியாகப் பொருத்தியிருக்கிறது, எதற்காகப் பொருத்தியது என்று நீதிமன்றம் பார்க்கும். திருகிக் கழற்றும் பைப்பு, ஹோஸ் ரீல் இரண்டையும் கிளம்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று வாதாட இடம் உண்டு. குழாயைப் பிடுங்கிப் போக நினைக்காதீர்கள், சுவர்தான் பாழாகும்.

டெப்பாசிட் முழுக்கப் போய்விடுமா?

போகாது. ஏஜெண்ட் பயமுறுத்துகிறார், அல்லது அவருக்கே சரியாகத் தெரியவில்லை. அனுமதி இல்லாமல் ஓட்டை போட்டால் அதைச் சரிசெய்ய ஆகும் நியாயமான செலவைக் கழிக்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. நான் கால்வாசி உண்மை என்று சொன்னது இதைத்தான். ஓட்டையை அடைக்க 80 வெள்ளி ஆகும் என்றால், அதற்காக 2,600 வெள்ளியை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. ஒப்பந்தத்தில் தண்டத்தொகை எழுதியிருந்தாலும் நியாயமான ஈடுதான் கிடைக்கும் என்பது ஒப்பந்தச் சட்டம் 75ஆவது பிரிவின் சாரம்.

அப்படியும் திருப்பித் தர மறுத்தால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குப் போடலாம். 5,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், உங்கள் இரண்டு டெப்பாசிட்டும் சேர்ந்து 3,250தான். வக்கீல் வைத்துக்கொள்ள அங்கே அனுமதியே இல்லை. என் தொழிலுக்கு நஷ்டமானாலும் சொல்லித்தானே ஆக வேண்டும். அந்த நாள் வந்தால் கையில் இருக்க வேண்டியவை அக்ரிமெண்ட், வாட்ஸ்அப் செய்தி, படங்கள், ரசீது. அக்ரிமெண்டில் முத்திரைத் தீர்வை கட்டியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை, தீர்வையும் தாமதக் கட்டணமும் கட்டாமல் நீதிமன்றம் சான்றாக ஏற்காது. நீங்கள் அனுப்பிய நகலில் முத்திரை எனக்குத் தெரியவில்லை, நகல் எடுக்கும்போது விடுபட்டிருக்கலாம்.

நீங்கள் கேட்காத கேள்வி

பைப்பைவிட என்னை யோசிக்கவைத்தது, நான்கு வருடமாக அக்ரிமெண்டைப் புதுப்பிக்காமல் இருக்கிறீர்கள் என்பது. வாடகையை அவர் தொடர்ந்து வாங்கிக்கொள்வதால் நீங்கள் மாதாந்திர வாடகைதாரராகக் கருதப்படுவீர்கள். அதாவது, பொதுவாக ஒரு மாத நோட்டீஸில் உங்களைக் காலி செய்யச் சொல்லலாம். நோட்டீஸ் முடிந்தும் நீங்கள் இருந்தால்கூட, பூட்டை மாற்றுவதோ சாமானை வெளியே வைப்பதோ அவரால் முடியாது, நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். இது குறிப்பான நிவாரணச் சட்டத்தின் 7ஆவது பிரிவு கொடுக்கும் பாதுகாப்பு. ஆனால் அது உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் தருமே தவிர, வீட்டைத் தராது.

அப்படியானால் இந்தச் சாக்கில் புது அக்ரிமெண்ட் கேட்கலாமா? இங்கே எனக்கே இரண்டு மனசு. கேட்டால் இரண்டு வருடத்துக்கு நிம்மதி, ஆனால் ‘அக்கம்பக்கத்தில் 1,600 போகிறதே’ என்று தவுக்கேக்கு நினைவுபடுத்தியதாகவும் ஆகும். பழைய வீட்டுக்கு வாடகை ஏற்ற முடியாது என்று மாமனார் நம்புவதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் மனசில் இருப்பது 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அது 1948க்கு முன் கட்டிய கட்டடங்களுக்குத்தான் இருந்தது. அதை நீக்கும் சட்டம் 1997இல் வந்து, கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டு பிறந்ததோடு முடிந்தும்விட்டது. பிள்ளைகளின் பள்ளி அருகிலேயே இருப்பதாலும், மாமியாரால் வீடு மாறி அலைய முடியாது என்பதாலும், உங்கள் இடத்தில் நான் இருந்தால் 100 வெள்ளி கூடினாலும் பரவாயில்லை என்று கேட்டுவிடுவேன். ஆனால் பைப்புக்குச் ‘சரி’ வாங்கிய பிறகு, தனியாக. இரண்டையும் ஒரே செய்தியில் போட்டால் பைப்புக்கும் பதில் வராது.

வீடு மாற வேண்டிவரும் என்று மனசில் ஒரு சந்தேகம் இருந்தாலும் 380 வெள்ளியைச் சுவரில் போடாதீர்கள். பழைய முனை நன்றாக இருந்து, பைப்பும் வால்வும் மட்டும் மாட்டினால் செலவு அதைவிடக் குறையும், போனாலும் பெரிதாக வலிக்காது.

பைப்பு வந்த பிறகு அதன் அடியில் வாளியை நிரப்பி விட்டுவைக்கும் பழக்கம் வர வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவையுங்கள். டிங்கிக் காய்ச்சல் சோதனைக்கு வருபவர்கள் கொசுப்புழுவைக் கண்டால் அபராத நோட்டீஸ் குடியிருப்பவர் பெயருக்கே வரலாம், தவுக்கேயைத் தேடிப் போக மாட்டார்கள். பைப்பில் இருந்து வழியும் தண்ணீர் லோங்காங்குக்குள் (சாக்கடைக்குள்) இறங்குகிறதா, பக்கத்து வீட்டு வாசலில் தேங்குகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் நடந்து முடிய இரண்டு வாரமாவது ஆகும். அதுவரை மாமியாரை வாளி தூக்க விடாதீர்கள். 15 மீட்டர் ஹோஸ் ஒன்று வாங்கிக் குளியலறைப் பைப்பில் மாட்டிக் கூடத்தின் வழியாக வாசலுக்கு இழுத்துவிடலாம். முடிந்ததும் பைப்பை அடைத்து, ஹோஸில் நிற்கும் தண்ணீரை வாசல் பக்கமே வடியவிட்டுச் சுருட்டுங்கள். இல்லாவிட்டால் கூடம் மறுபடியும் ஈரமாகும்.